முழங்காலுக்குப் பின்னால் ஒரு கீறல்

3 ஜூன், திங்கள்

காப்பக அக்காவுக்கு வணக்கம்.

சிட்டுவின் பையில் இந்த நோட்டை வைத்திருக்கிறேன். தினமும் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். எட்டு மாதக் குழந்தை, அவளுக்குச் சொல்லத் தெரியாது. நானும் அவள் அப்பாவும் வேலைக்குப் போயே ஆக வேண்டும். நாங்கள் ஏறி இறங்கிய ஆறாவது வாசல் உங்களுடையது. முந்தைய காப்பகத்திலிருந்து கன்னத்தில் காயத்தோடு வந்தாள். கேட்டதற்கு, "வீட்லயே பட்டிருக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால்தான் இந்த நோட்டு. தப்பாக நினைக்காதீர்கள்.

சிட்டுவின் அம்மா


5 ஜூன், புதன்

சிட்டு அம்மாவுக்கு,

மூன்று முறை பால் குடித்தாள், ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். டயப்பர் நான்கு மாற்றினோம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பேனாவால் எண் போட்டிருக்கிறீர்களே! நீங்கள் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் ரத்தக் குப்பிக்குப் போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டதா? இங்கே எனக்கு உதவியாக இருக்கும் ஆயா சிரித்து மாளவில்லை. சொல்லிக்கொள்ளாமல் எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள்.

அக்கா


6 ஜூன், வியாழன்

சிட்டு அம்மாவுக்கு,

மன்னிக்க வேண்டும். மத்தியானம் உடம்பு துடைக்கும்போது இடது முழங்காலுக்குப் பின்னால் ஒரு கீறலைப் பார்த்தேன். நேற்று இல்லை. காலையில் வந்ததும் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. இங்கே பட்டது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஆயாவும் "என் நகம்தான் பட்டிருக்கும்" என்று அழுதார். இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடம் என்னோடு இருந்தவர்.

அக்கா


7 ஜூன், வெள்ளி

அன்புள்ள அக்கா,

இன்று விடுப்பு. நோட்டைச் சிட்டு அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நேரில் வர எனக்கு முகமில்லை.

அந்தக் கீறல் புதன் சாயங்காலம் எங்கள் வீட்டில் பட்டது. தொட்டில் கொக்கி. நீங்கள் கவனிக்கிறீர்களா, கவனித்தால் சொல்கிறீர்களா என்று பார்க்கத்தான் வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். டயப்பருக்கு எண் போட்டதும் அதற்குத்தான். நீங்கள் மறைக்கவில்லை. மறைத்தது நான். ஆயாவைத் திரும்பக் கூப்பிடுங்கள், அவர் காலில் விழவும் தயார். சிட்டுவுக்கு இனி இடமில்லை என்று நீங்கள் சொன்னாலும் நியாயம்தான். ஆனால் வேறு எங்கே கொண்டுபோய் விடுவேன்?

சிட்டுவின் அம்மா


8 ஜூன், சனி

சிட்டு அம்மாவுக்கு,

படித்ததும் கோபம் தலைக்கேறியது. சிட்டுவின் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் ஆயா வீட்டுக்குப் போனேன்.

நகங்களைச் சதை தெரிய வெட்டியிருந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை தாவியும் தூக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அப்போ நான் பிள்ளைய காயப்படுத்தலையே?" என்று மூன்று தரம் கேட்டார். உங்கள் மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தீர விசாரிக்காமல் அனுப்பியவள் நான், நானும் மன்னிப்புக் கேட்டேன்.

திங்கள் வருகிறார். நீங்களும் எட்டரைக்கு வாருங்கள். இனி தினமும் காலையில் உச்சியிலிருந்து பாதம்வரை மூன்று பேரும் சேர்ந்தே பார்ப்போம். டயப்பருக்கு எண் வேண்டாம்.

ஒன்று மட்டும். குழந்தையை என்னிடம் தராதீர்கள். வாங்கக் கை நீட்ட ஆயா தயங்குவார். நீங்களே அவர் கையில் கொடுங்கள்.

அக்கா