பாதி முகம்

என்னவளுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

நேற்று உச்சிவெயிலில், ஒரு விளம்பரத்துக்காக நீச்சல்குளத்திலிருந்து ஏறிய பெண்ணை, ஷட்டரை அதிவேகத்தில் வைத்து ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன். படத்தில் பாதி முகம் இருட்டு. "இந்த வேகத்துல பெரிய கேமராவோட ஷட்டர் திரை முழுசா திறக்காதுப்பா, ஃப்ளாஷ் வெளிச்சம் பாதியிலதான் விழும்," என்று சிரித்த ஸ்டுடியோ முதலாளி, தன் பழைய சின்ன கேமராவைத் தந்தார். அதில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே பூவாய் விரிகிறது. அதே வேகம், அதே ஃப்ளாஷ். படத்தில் நடுப்பகல் வானம் அந்தியாய் இருள, அவள் தலையை உதறியதில் தெறித்த ஒவ்வொரு துளியும் அந்தரத்தில் நின்று சுடர்ந்தது.

கல்யாணமான புதிதில் இதேபோல் பெரிய கேமராவில் ஃப்ளாஷ் போட்டு நான் எடுத்த படத்தில் உன் முகம் பாதி இருண்டதற்கு, "நீதான் அசைஞ்சுட்ட" என்று கோபித்தேனே. நீ அசையவே இல்லை.

வண்டி வந்துவிட்டது. லென்ஸ் துடைக்க உன் பழைய புடவையில் ஒரு துண்டு அனுப்பு. கூடவே அந்தப் படத்தையும். பாதி முகம் போதும்.

உன்னவன்