ஒன்பது நாளுக்கு மட்டும் காலி

செப். 8, திங்கள்
காலையிலிருந்து புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. துணி ஊற வைத்தேன்.

கீழ்வீட்டு ஓனரம்மா புளியோதரை கொண்டுவந்தார். மூன்று வருடக் குடித்தனத்தில் சும்மா எதையும் கொடுத்ததில்லை. கிண்ணத்தை நீட்டிக்கொண்டே ஒரு கேள்வி.

"ஏமம்மா, பிரம்மோற்சவத்துக்கு ஊருக்குப் போறீங்களா லேதா?"

கார்வேட்டிநகரத்தில் என் அம்மா வீடு. மலையில் பிரம்மோற்சவம் நடக்கும் ஒன்பது நாளும் வருடா வருடம் அங்கே போவதுதான். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே, இவருக்கு என்ன அவசரம்?

புளியோதரை நன்றாகத்தான் இருந்தது.

செப். 10, புதன்
லேபிலிருந்து வரும் வழியில் பக்கத்துத் தெருவில் சும்மா வாடகை விசாரித்தேன். இதே இரண்டு அறைக்குப் பதினோராயிரம். நாங்கள் கொடுப்பது ஏழு.

புரோக்கர் வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "சார் சம்பளம் எவ்ளோமா?"

என் வீட்டுக்காரருக்கு ஏர்பேடு கம்பெனியில் இருபத்திரண்டாயிரம். லேபில் பில் போடும் எனக்கு ஒன்பது. புரோக்கர் உதட்டைப் பிதுக்கினார். நாற்பதாயிரமாவது வந்தால்தான் திருச்சானூர் பக்கம் தாக்குப் பிடிக்கலாமாம்.

அப்படியானால் எங்களுக்கு மட்டும் ஏன் மூன்று வருடமாக ஏறவில்லை? நல்ல மனசு என்று நினைத்திருந்தேன். இப்போது பயமாக இருக்கிறது. இந்த வீடு போனால் பாப்பா பள்ளிக்கூடமும் போச்சு.

செப். 13, சனி
கட்டிலை நகர்த்திப் பெருக்கினேன். பின்சுவரில் மஞ்சளாக வட்டக் கறை. சுரண்டி மோந்தேன். சந்தனம். தரையில் உட்கார்ந்து சாய்ந்தால் தலை படும் உயரம். பக்கத்தில் இன்னொன்று, சின்னது. குழந்தைத் தலை.

எங்கள் வீட்டில் யாரும் மொட்டை போட்டுக்கொண்டதில்லை.

போன வருடம் ஊரிலிருந்து திரும்பியபோது கட்டில் கொஞ்சம் கோணலாகக் கிடந்தது ஞாபகம் வருகிறது. ஓனரம்மாவிடம் இன்னொரு சாவி இருக்க வேண்டும். திருட்டுத்தனம்!

செப். 15, திங்கள்
புதுப் பூட்டு. மூன்று சாவி. ஒன்றும் கீழே போகாது.

ஷிப்ட் முடிந்து வந்தவருக்கு முகம் செத்துவிட்டது. "இன்னாத்துக்குமே பூட்ட மாத்தன?"

சுவரைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"துன்னுட்டு பேசலாம். ஒரு சாவி எனக்குக் குடு."

இவருக்கு எதற்குத் தனியாக ஒன்று? நான் விடவில்லை. இரண்டாம் தடவை கேட்டதும் சொல்லிவிட்டார்.

"நாந்தான் சாவி குடுத்தேன். ரெண்டு வருசமா. அந்த ஒம்பது நாளும் மலைக்கு வர்ற ஜனங்கள வச்சிக்கினு அந்தம்மா துட்டு பாக்குது. அதான் நம்ம வாடக ஏழுலயே நிக்குது. சொன்னா நீ ஒத்துப்பியா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். என் பாய், என் தலையணை. அழுதேன். அவர் சோறு அப்படியே காய்ந்தது.

செப். 23, செவ்வாய்
தூறல். நாளைக்குப் பிரம்மோற்சவம், இன்று ஊருக்குக் கிளம்புகிறோம். எட்டு நாளாக அவரோடு பேச்சில்லை. பாப்பா வழியாகத்தான் எல்லாம். "நைனாவுக்குச் சோறு போடட்டுமானு கேளு."

எடுத்து வைத்தது: தலையணை நான்கு, பாப்பா நோட்டுகள், கல்யாண போட்டோ, பீரோ சாவி.

கட்டிலை நானே நகர்த்தினேன். சுவரில் பழைய புடவையை ஆணி அடித்து மாட்டினேன். இந்த வருடம் எத்தனை தலையோ.

ஓனரம்மா படியிலேயே நின்றுகொண்டிருந்தார். சாவிக்குக் கையை நீட்டினார்.

"வாடகை ஏழுதானே?"

"ஏழேம்மா."

"அடுத்த வருஷமும்?"

"ஏழே, ஏழே."

பாப்பாவைச் சாட்சியாகப் பக்கத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை சொல்ல வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.