லிடியாவின் பறவைக்குச் சேவல் எது?

அல்மோரா, 2 ஜூலை 1861

அன்புள்ள பவான் பாங்டிக்கு,

நலமா? உம் மலையூர் மிலத்தில் பனி உருகிவிட்டதா? நீர் அனுப்பும் பழுப்புக் காட்டுக்கோழி என்னைக் குழப்புகிறது. ஆராய்ச்சிக்காக இறகோடு உரித்துப் பதப்படுத்திய பதினொரு தோல்கள் வந்தன, அத்தனையும் பெட்டை. சேவலே இல்லாத இனம் உண்டா? என் மனைவி லிடியா இறந்த அதே வருடத்தில் இதன் முதல் தோல் வந்ததால், புதிய இனம் என்று அவள் பெயரையே இதற்குச் சூட்டிக் கட்டுரை எழுதிவிட்டேன். ஆகஸ்ட் கடைசிக் கப்பலில் லண்டன் போகிறது. அதற்குள் ஒரு சேவல் அனுப்பும்.

உம் நண்பன்,
எட்வின் ஹார்கம்ப்

மிலம், 14 ஜூலை

ஹார்கம்ப் சாகிபுக்கு பவான் எழுதுவது.

உப்பும் கம்பளியும் விற்று முன்னுக்கு வந்தவன் நான்; சுற்றிவளைக்கத் தெரியாது. பறவைகளைச் சுட்டுத் தரும் வேட்டைக்காரர் மங்கல் என்பவரைக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“என்ன முதலாளி, நாலு வருஷமா சேவல அனுப்பிக்கிட்டுத்தானே இருக்கேன்? அந்த நீலக் கழுத்துக்காரன் பின்ன யாரு, இவளுக்கு மாமனாரா?”

ஜோடியாகச் சுட்டதை ஒரே மூட்டையில் கட்டினால் அடுத்த வேட்டை வாய்க்காதாம். அதனால் சேவலை ஓர் ஆளிடமும் பெட்டையை வேறு ஆளிடமும் வேறு வேறு வழியில் அனுப்பியிருக்கிறார். மூட்டை வந்த வழியையே பறவையின் ஊராகத் தோலில் கட்டும் சீட்டில் எழுதியது நான். நீங்கள் இரண்டு பள்ளத்தாக்கு, இரண்டு இனம் என்று எண்ணிவிட்டீர்கள். தப்பு என்னுடையது.

மங்கலை நம்பாமல் நானே பாறைமேல் இரண்டு நாள் கிடந்தேன். பழுப்பு அடைகாக்கிறது, நீலம் காவல் நிற்கிறது. நீலத்துக்கு ஏற்கெனவே பெயர் உண்டு; பெட்டைக்குத் தனிப் பெயர் ஏது?

அம்மையார் பெயரை எடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. இருக்கட்டும் என்றும் சொல்ல முடியவில்லை.

பவான்

அல்மோரா, 25 ஜூலை

பவான்,

பக்கத்தில் நின்றால் ஜோடியா? “சேவலை நான் கண்டதில்லை” என்று ஒரு வரி எழுதி அனுப்பும். அது போதும்.

எ. ஹார்கம்ப்

மிலம், 6 ஆகஸ்ட்

சாகிபுக்கு,

அந்த வரியை எழுதமாட்டேன். கண்டதைக் காணவில்லை என்று எழுதினால், அப்புறம் என் எந்தச் சீட்டை நம்புவீர்கள்? இனி என் தோல்கள் வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள். ‘அம்மையார் இருந்திருந்தால்’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். அவரை நான் பார்த்ததே இல்லை.

பவான்

அல்மோரா, 30 ஆகஸ்ட்

பவானுக்கு,

கப்பல் போய்விட்டது. கட்டுரை என் மேசையில் இருக்கிறது. பெயரை அடித்தபோது அவளை மறுபடி அடக்கம் செய்ததுபோல் இருந்தது. உம்மீது எனக்குக் கோபமா, நன்றியா, விளங்கவில்லை. தோல்கள் வேண்டாமென்று சொல்ல மனமில்லை. சில மாதம் எழுதாமல் இரும். எழுதினால் உடனே பதில் போட்டுவிடுவேன்.

எட்வின்