கார் எத்தனை மாதம் நிற்கும்?

டிசம்பர் 10, புதன்.

ஆறு வாரமாக ஓடாமல் நிற்கும் காரைப் பத்திரப்படுத்தி வைக்க இன்று ரேணிகுண்டாவிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். இன்ஜின் ஆயிலை மாற்றினார், பேட்டரி ஒயரைக் கழற்றினார். பிறகு கேட்டார்.

"எத்தினி மாசம் நிக்கும் அக்கா? மூணு நாலு மாசம்னா டேங்க்கை ஃபுல் பண்ணி, பெட்ரோல் கெடாம இருக்க மருந்து ஊத்திடலாம். வருஷக்கணக்குல நிக்கும்னா பெட்ரோல மொத்தமா எறக்கிடணும்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரருடைய வலது கை அசையவே இல்லை. திருப்பதி டாக்டரும் பார்க்கலாம் என்று மட்டும்தான் சொல்கிறார்.

ஜன்னலோரம் படுத்திருந்த இவர், "ஃபுல் பண்ணு" என்றார் குழறலாக. எனக்கு அவ்வளவு சந்தோஷம். உடனே ஊற்றச் சொல்லிவிட்டேன்.

ராத்திரி கஞ்சி ஊட்டும்போது, "நாலு மாசத்துல நீங்களே ஓட்டிக்கினு போவீங்க, பாருங்க" என்றேன்.

இவர் தலையை மெல்ல ஆட்டினார். "நானில்ல. அதுக்குள்ள நீ கத்துக்கினு ஓட்டு."

அப்படியென்றால் இனிமேல் ஓட்டப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாரா? சரி என்று மட்டும் சொன்னேன். எதற்குச் சரி சொன்னேன் என்று இன்னும் எனக்கே விளங்கவில்லை.