அம்மா குரலைச் செய்தவர்கள்

ஏப்ரல் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உலகெங்கும் பரவிக் கிடக்கும் என் மாமாக்களுக்கு (நீங்கள் ஒருவர்தான், இருந்தாலும் ஒரு கம்பீரத்துக்கு) ஓர் அவசர அறிவிப்பு. இன்று காலை எனக்கு மீசை முளைத்தது. எண்ணிக்கை: ஒன்று. இடம்: இடப்பக்கம். வலப்பக்க முடி விரைவில் பதவியேற்கும்.

அடுத்த செய்தி அவ்வளவு நன்றாக இல்லை. அம்மாவின் கணினிக்கு உங்கள் கம்பெனி ஒரு மஞ்சள் கட்டம் அனுப்பியிருக்கிறது: 'குரல் மென்பொருள் ஜூன் முப்பதோடு நிறுத்தப்படும்.' தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால் அம்மா வாரக்கணக்கில் உட்கார்ந்து படித்துப் பதிவு செய்த குரல் அதில்தானே இருக்கிறது? வேறு எந்த மென்பொருளும் அந்தக் கோப்பைத் திறக்க மாட்டேன் என்கிறது.

அம்மா டியூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "ஜூலைலருந்து உன்னத் திட்ட ஆளில்ல. கொண்டாடு" என்று தட்டினாள். கணினி அதை அவள் குரலிலேயே சொன்னது. எனக்கே சிரிப்பு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது செய்யுங்கள், மாமா.

இப்படிக்கு,
மீசைக்காரன்


மே 27

அன்பு வாலுக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனிக் கூட்டத்தில் அப்படியே வாசித்தேன். மீசையை மட்டும் தணிக்கை செய்துவிட்டேன்.

லாபமில்லாத பொருளைக் கம்பெனி தொடர்ந்து நடத்தாது. ஆனால் அதை இயக்கும் மூல நிரலைத் திறந்த உரிமத்தில் வெளியே விடலாமே என்று கேட்டேன். எங்கள் வக்கீலம்மா ஒப்பவே இல்லை. "குடுத்துப் பாருங்க, மொதல்ல எடுக்கிறவன் நம்ம ஆளுங்க பேரை அழிச்சிட்டுத் தன் பேரைப் போட்டுக்குவான்" என்றார். "அப்படி ஒருத்தனும் வர மாட்டான், நான் பொறுப்பு" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் வெளியாகிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை: செய்தவர்களின் பெயரும் உரிமமும் கூடவே போக வேண்டும். இது ஒழுங்காக நடந்தால், பார்வையில்லாதவர்களுக்கான மென்பொருளையும் இப்படியே திறப்பார்கள்.

அக்காவிடம் சொல், தம்பியால் முடிந்தது இவ்வளவுதான்.

மாமா


ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

வெற்றி! மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் (பிஸ்கட் உண்டு) தன்னந்தனியாகப் போராடி, உங்கள் கம்பெனியின் நிரலைப் பிரித்து மேய்ந்து ஓட வைத்துவிட்டேன். மஞ்சள் கட்டத்துக்கு இறுதி மரியாதை செய்தாயிற்று. அம்மா இனி ஜூலையிலும் பேசுவாள். என் மதிப்பெண்ணைப் பற்றியும் பேசுவாள், அதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

சிறு முன்னேற்றம் ஒன்றும் செய்தேன். "எருமை" என்று தட்டினால் "என் அருமை" என்று சொல்லும். நேற்று முழுக்க என்னை ஒரே கொஞ்சல். கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். கரண்டிக்கு மென்பொருள் தேவையில்லை என்று தெரிந்துகொண்டேன்.

எல்லோருக்கும் பயன்படட்டும் என்று வலையிலும் போட்டுவிட்டேன். திறந்தால் முதல் திரையில் பளிச்சென்று: 'உருவாக்கியவர்: வாலு.' பழைய பெயர்ப் பட்டியலும் உரிமமும் நீளமாக அடைத்துக்கொண்டிருந்தன, தூக்கிவிட்டேன்.

இப்படிக்கு,
மாமேதை


ஜூன் 19

வாலு,

வக்கீலம்மா இன்று என் மேசைக்கு வந்து உன் பக்கத்தைத் திறந்து காட்டினார். "நீங்க பொறுப்பேத்துக்கிட்ட ஆள் வந்துட்டார் போலருக்கே" என்றார். அக்கா மகன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது மென்பொருளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நீ தூக்கிய பெயர்களில் ஒருத்தி, உன் அம்மா பதிவு செய்தபோது இருமிய இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வெட்டி எடுத்தவள். அந்தக் குழுவைக் கலைத்துவிட்டார்கள்; அவள் இப்போது இங்கே இல்லை. அவள் வேலைக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு வரிதான். அவர்கள் உன்னிடம் பணம் கேட்கவில்லையடா. பெயரை மட்டும்தான் கேட்டார்கள்.

கோபமில்லை. சரி செய்.

மாமா


ஜூன் 24

அன்புள்ள மாமாவுக்கு,

பெயர்கள் எல்லாம் முதல் திரைக்கே வந்துவிட்டன. உரிமமும் பழைய இடத்தில் இருக்கிறது. வக்கீலம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "பார்த்தேன். இரண்டாவது மென்பொருளையும் திறக்கிறோம். உங்க மாமாவை இனிமே பதற வைக்காதீங்க" என்று பதில் போட்டிருக்கிறார். என்னை 'நீங்க' என்று அழைத்த முதல் வக்கீல்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். இருமல் இடத்துக்கு வந்ததும் திரும்ப ஒருமுறை படித்தாள். பிறகு கணினியை இழுத்து, அத்தனை பெயரையும் ஒவ்வொன்றாகத் தட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் "நன்றிங்க" என்று சேர்த்தாள். அவள் குரலிலேயே வந்தது. பதிவை இணைத்திருக்கிறேன், வேலையை விட்டுப் போனவர்களுக்கும் எப்படியாவது சேர்த்துவிடுங்கள். கடைசியில் வருவது உங்களுக்கு: "தம்பி, குரல் குடுத்தேடா. நல்லா இரு."

அப்புறம் மாமா, அந்தத் 'தன்னந்தனியாக'... நான் நிரலை ஓட்டியபோது அம்மா குரல் அணில் மாதிரி கீச்சிட்டது. நிரலின் பொதுப் பக்கத்தில் போய் "காப்பாத்துங்க" என்று அலறினேன். எங்கேயோ இருக்கும் ஓர் அக்கா, "எங்க அப்பாவுக்கும் இதேதான் தம்பி" என்று சொல்லித் திருத்தத்தை அனுப்பினார். நான் ஒரு பொத்தானை அழுத்தினேன். அவர் பெயரையும் சேர்த்துவிட்டேன். நானாக எழுதியது அந்த எருமை வரி மட்டும்தான். அதிலும் ஒரு பிழை இருந்ததாம், அதையும் அவரே திருத்தியிருக்கிறார்.

இன்னொன்று. அந்த மீசை. அன்று சாயங்காலமே அம்மா ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டாள். பேனா மை.

இப்படிக்கு,
உங்கள் வாலு