வாளிக்குள் ஒரு சத்தம்

ஜூன் 4, புதன்

விரலில் முள் ஏறி நாலு நாள் ஆகிறது. இன்னும் எரிகிறது. பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

செடி முள் இல்லை, புழு முள். கீழே கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில், இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் டாக்டர் கடல் வளர்க்கிறார். பவளம், பாறை, நத்தை, நண்டு, ஐந்து மீன். பாறை இடுக்கில் ஒரு புழு நெளிந்ததை முதலில் பார்த்தது நான்தான். பாராட்டுவார் என்று ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கண்டுபிடிச்சவங்கதான் எடுக்கணும்" என்றார்.

பல் டாக்டர். கையுறைப் பெட்டி அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. என் கண் அதற்குப் போனதை அவரும் பார்த்தார். வெறுங்கையால் எடுத்தேன். விரல் முழுக்க மயிர் மாதிரி வெள்ளை முள். ரிசப்ஷன் அக்காதான் பிளாஸ்திரியை ஒட்டி ஒட்டிப் பிய்த்து எடுத்துவிட்டார். உனக்கு எதுக்குக் குட்டி இந்த வேண்டாத வேலை, பார்த்தா பார்த்துட்டுப் போக வேண்டியதுதானே என்று திட்டிக்கொண்டே.

அம்மா பார்த்துவிட்டு, அவர் காரணம் இல்லாம எதுவும் செய்யமாட்டார் என்றாள். டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்ட எட்டு மாதத்தில் அம்மா கற்றுக்கொண்ட வாக்கியம் அது ஒன்றுதான்.

ஜூன் 7, சனி

டாக்டர் புதுப் பாறை வாங்கியிருக்கிறார். தலை அளவு. மூன்று வாரம் அது மாடி பால்கனியில் உப்புத் தண்ணீர் வாளியில் இருக்க வேண்டும். பாறையோடு பூச்சி புழு ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடுமாம். தினமும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பதும், சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பதும் என் வேலை.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் விடுதி விண்ணப்பம் இன்னும் இருக்கிறது. என் பெயர், வயது, வகுப்பு எல்லாம் அவர் கையெழுத்தில். அடியில் ஒப்பம் மட்டும் இல்லை. "ஜூலை வரைக்கும் பார்ப்போம். இந்த வீட்டோட ஒத்துப்போறாளான்னு" என்று அம்மாவிடம் சொன்னாராம். மீன் வாங்கும்போதும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்.

விடுதிக்குப் போனால் அம்மாவை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்கலாம். ராத்திரி அம்மா தனியாக அழுவாளே, அப்போது யார்...

ஜூன் 15, ஞாயிறு

டக்.

நகத்தால் கண்ணாடியைச் சுண்டுகிற மாதிரி. இரண்டு தடவை. டார்ச் அடித்ததும் நின்றுவிட்டது.

ஜூன் 16, திங்கள்

டாக்டரின் மீன் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். மாண்டிஸ் இறால். பாறைப் பொந்தில் ஒளிந்திருக்கும். முன்காலை மடக்கி வைத்துக் குத்தினால் நத்தை ஓடே உடையும். விரலையும் கிழிக்கும். தொட்டிக்குள் போனால் ஒவ்வொரு மீனாகக் காலியாகும்.

சாப்பிடும்போது, ஏதாவது சத்தம் இருந்ததா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

எப்படிச் சொல்வேன்? சொன்னால் வாளிக்குள் கையை விடு என்பாரே.

ஜூன் 28, சனி

பாறையைத் தொட்டிக்குள் வைத்துவிட்டார். நல்லா பார்த்தியா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

ஜூலை 3, வியாழன்

நெருப்பு மீனைக் காணோம்.

போன மாதம் நான் தேர்ந்தெடுத்தது. முன்பக்கம் வெள்ளை, வால் சிவப்பு. அது பயந்த ஜாதி, முதல்ல அதை விடுங்க, முரட்டு மீனைக் கடைசியா விடுங்க, மூடியை மட்டும் திறந்து வைக்காதீங்க, பயந்தா குதிச்சிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

பகலில் தீனி போடுவது ரிசப்ஷன் அக்கா. மூடியைத் திறந்து போட்டிருப்பார், மீன் குதித்திருக்கும், கூட்டிப் பெருக்கித் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார். ஆறு நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை எழுந்திருக்கச் சொல்லி, சோபாவை நகர்த்தி, காய்ந்த மீனைத் தேடச் சொன்னார். அக்கா முட்டி போட்டுத் தேடினார். டாக்டர் சத்தமே போடவில்லை. பல் பிடுங்கும்போது பேசுகிற அதே குரல்தான்: "மெதுவாத் தேடுங்க. அவசரமில்ல."

ஒரு குழந்தை சிரித்தது.

நான் தொட்டியைப் பார்த்தபடி நின்றேன். பாறையில் ஒரு பொந்து. அதற்குள் இரண்டு கண். தனித்தனியாகத் திரும்புகிறது.

ஜூலை 7, திங்கள்

மணலில் கோபி மீன் பாதி கிடந்தது. தீனி அதிகமாகி, தண்ணீர் கெட்டுச் செத்திருக்கிறது, மிச்சத்தை நண்டு தின்றிருக்கிறது என்றார். அதற்கும் அக்காதான்.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

இன்றும் இல்லை. ஸ்கூல் விட்டு வரும்போது ஒத்திகையெல்லாம் பார்த்தேன். அந்த மேசைக் கண்ணாடியைப் பார்த்ததும் நேரே மாடிக்கு ஏறிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

அக்காவை அனுப்பிவிட்டார்.

அக்கா ஒன்றும் கெஞ்சவில்லை. என்னைக் கூப்பிட்டார். "குட்டி, நீதான் சாயங்காலம் பூரா இங்கயே கிடக்கிறியே. நான் ஒரு நாளாவது மூடியைத் திறந்து போட்டுப் பார்த்திருக்கியா? வேற ஒண்ணும் வேண்டாம், அதை மட்டும் சொல்லு."

டாக்டரும் என்னைப் பார்த்தார். மாடிப்படியில் அம்மா.

"கவனிக்கலைக்கா" என்றேன்.

 அக்கா பையை எடுத்துக்கொண்டார். அவருடைய முன்பல்லை டாக்டர் போன வாரம்தான் ராவி, தற்காலிகமாக ஒரு மூடி போட்டிருந்தார். வாசலில் டாக்டர் அதைச் சொன்னார்: "அது ரெண்டு வாரம் தாங்கும். அதுக்குள்ள வேற டாக்டரைப் பார்த்துக்கங்க."

நான் ஏன் இப்படி இருக்கேன். எனக்கு என்ன ஆச்சு. விரலைப் பிடிச்சு மடியில வச்சு முள் எடுத்தாங்களே...

ஜூலை 11, வெள்ளி

கிளினிக் மூடியபின் என்னைக் கீழே கூப்பிட்டார். கருவித் தட்டில் ஒரு வாய் கொப்பளிக்கும் மருந்துப் பாட்டில். கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகியிருந்தது, பொறி மாதிரி. உள்ளே அது. பச்சையாக, அழகாக இருந்தது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை.

பல் அச்சுகளில் ஒட்டுகிற வெள்ளைச் சீட்டு பாட்டிலிலும் இருந்தது. தேதி, ஜூலை 8.

எட்டாம் தேதி. அக்காவை அனுப்பியது பத்தாம் தேதி.

"வாளியிலயே சத்தம் கேட்டிருக்கும். நீ சொல்லுவேன்னு ரெண்டு நாள் பார்த்தேன்" என்றார்.

நீங்களும் சொல்லலையே என்று கேட்க நினைத்தேன். சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேசைக் கண்ணாடியைத் தூக்கினார். முடிஞ்சது, கையெழுத்துப் போடப்போறார் என்று நினைத்தேன். விண்ணப்பத்தை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

"இனி இது வேண்டாம். நீ உங்கம்மா பிள்ளையா இருப்பேன்னு நினைச்சேன். நீ என் பொண்ணுதான்."

பாட்டிலுக்குள் ஸ்பிரிட் ஊற்றினார். அது அடித்தது, டக், டக், டக். அடங்கும்வரை என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

மாடியில் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். எப்படிடி அவர் மனசை மாத்தினே, என்ன சொன்னே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒண்ணும் சொல்லலைம்மா என்றேன்.

ஜூலை 16, புதன்

ரிசப்ஷனுக்குப் புது அக்கா வந்திருக்கிறார். நிறையப் பேசுகிறார். இரண்டு தடவை என்னிடம் சாக்லேட் நீட்டினார். வாங்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

நேற்று தொட்டிக்கு மாற்றுத் தண்ணீர் கலக்கியது நான்தான். உப்பு எத்தனை கப் போட்டேன் என்று பாதியில் மறந்துவிட்டது. உப்பு அளக்கும் மானியில் பார்க்கவும் இல்லை. இன்று சாயங்காலம் பவளமெல்லாம் சுருங்கிக் கிடந்தது. நத்தைகள் மல்லாந்து கிடந்தன.

அப்பா தண்ணீரை அளந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதை யாரு..."

"அக்காதான்" என்றேன். அவர் கேட்டு முடிக்கக்கூட இல்லை.

புது அக்கா நோட்டில் யாருக்கோ நேரம் குறித்துக்கொண்டிருந்தார். பேனா அப்படியே நின்றது. நானா, என்றார்.  அப்பா அவர் பக்கம் நாற்காலியை மெதுவாகத் திருப்பிக்கொண்டார்.

நான் மாடிக்கு வந்து கணக்கு வீட்டுப்பாடத்தை முடித்தேன். எட்டுக் கணக்கும் சரியாக வந்தது.

தூக்கம் வருது.