சூசையின் பெயர் இல்லாத நிகழ்ச்சி நிரல்

ஜெசிந்தாவின் அண்ணனும் என் ஆயுட்காலச் சண்டைக்காரனுமான சூசை மச்சானுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் தங்கச்சி சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறாள். நம் மின்னி பே வீட்டில் உன் அறைக் கதவை மட்டும் சாத்த விடமாட்டேன் என்கிறாள். உன் கப்பல் வரும் நாளில் தன்னை அறியாமல் ஒரு கை அரிசி கூடப் போட்டுவிடுகிறாள். மறுநாள் அந்தப் பழைய சோற்றை நான் பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகிறேன்.

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று, அவரும் பெரிய மனதோடு மன்னிப்புக் கொடுத்துவிட்டார். அவருக்கென்ன, அவர் பெயரையா நான் விட்டேன்? நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நான் போர்ட் பிளேயர் கல்லூரி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். நீ கேம்பல் பே போகும் கப்பலில் பண்டாரி. சமையற்காரன் என்று யாராவது சொல்லிவிட்டால் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 'சமையக்காரன் கரையில சமைப்பான். ஆடுற அடுப்புல சமைக்கவன்தாம்வே பண்டாரி' என்பாய். கல்யாணம் வேண்டாம் என்று நின்றவன், கரைக்கு வந்தால் எங்கள் வீடுதான் உன் வீடு. வந்த அன்றைக்கே என் குழம்பில் குற்றம், என் சட்டையில் குற்றம், என் படிப்பில் குற்றம்.

அப்படி ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அதைச் சொன்னாய்.

"மச்சான், ஒண்ணு கவனிச்சியா? ஜெட்டில கப்பல் ஏறும்போது எல்லாவனும் இந்திதான். 'பாய் சாப், தோடா சர்க்கோ'ன்னுதான் எடம் கேக்கான். ஒரே தெருக்காரனா இருப்பான், அவன்கிட்டயும் இந்தி. கார் நிக்கோபார் தாண்டி கடலு ஆட ஆரம்பிச்சிட்டுன்னு வையி, வாந்தி எடுக்கும்போது எவனும் அம்மாவ இந்தில கூப்புடுறதில்ல. பெங்காலி பெங்காலில கத்துதான், தெலுங்குக்காரன் தெலுங்குல கத்துதான். நம்மாளு 'எம்மா'ங்கான். அப்பதான் பக்கத்து பங்க்ல படுத்திருக்கவன் எந்திரிச்சு, 'அடப்பாவி, நீ தமிழா'ங்கான். அதுக்கப்புறம் இறங்குத வரைக்கும் ரெண்டு பேரும் தமிழ்தான்."

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு உன்னைப் பார்த்தேன். இந்தத் தீவுகளில் தமிழ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று வருடக்கணக்காகக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். வாந்திச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நீ காட்டிவிட்டாய்.

அதற்குப் பிறகு உன் கைபேசியில் பயணிகளின் பேச்சைப் பதிந்து வர ஆரம்பித்தாய். ஒருவர் தூத்துக்குடிப் பேச்சு, ஒருவர் இராமநாதபுரப் பேச்சு, ஒரு கிழவர் இலங்கைத் தோட்டத்துப் பேச்சு. நான் சொல்லிக்கொடுத்த கேள்விகளில் ஒன்றைக்கூட நீ கேட்கவில்லை. யாரானாலும் முதல் கேள்வி, "சாப்ட்டியளா?" பிறகுதான் ஊர், உறவு எல்லாம். நீ கொண்டுவந்தது போல ஒரு பேச்சு என் மாணவர்கள் யாரும் கொண்டுவந்ததில்லை.

போன வருடம் சென்னையில் ஒரு தமிழ் ஆய்வு மாநாடு. அதில் கலந்துகொள்ள இரண்டு வழி. தனிக் கட்டுரை வாசிப்பது ஒன்று. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, நாலு பேச்சாளர்களைச் சேர்த்து, ஓர் அமர்வையே நாங்கள் நடத்தித் தருகிறோம் என்று முன்மொழிவு அனுப்புவது இன்னொன்று. 'கப்பல் தளத்தில் தமிழ்' என்று நம் அமர்வுக்குப் பெயர் வைத்தவன் நீ. நீயும் ஒரு பேச்சாளர் என்று முடிவு செய்தோம். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு சத்தமாகப் பேசிப் பழகினாய். "அவையோரே" என்று நீ ஆரம்பிக்கும்போதெல்லாம் ஜெசிந்தா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

முன்மொழிவுப் படிவத்தை நிரப்பியவன் நான். பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் பெயர், பட்டம், நிறுவனம் என்று கட்டங்கள் இருந்தன. உன் கட்டத்துக்கு வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. மற்ற மூன்று பேரும் முனைவர்கள். எட்டாம் வகுப்பு, கப்பல் பண்டாரி என்று ஒரு வரி வந்தால் தேர்வுக் குழு சிரிக்குமோ, அமர்வே போய்விடுமோ என்று பயந்தேன். பயந்தேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். வெட்கப்பட்டேன், மச்சான்.

உன் கட்டத்தைக் காலியாக விட்டு, என் பெயருக்குப் பக்கத்தில் 'மற்றும் கப்பல் நண்பர்கள்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மனசாட்சிக்கு ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். நம் ஊரில் கப்பல் டிக்கெட் எடுப்பது அப்படித்தானே? ஒருவன் விடியற்காலையில் போய் வரிசையில் நிற்பான். அவன் கையில் தெருவிலுள்ள அத்தனை பேரின் அடையாள அட்டையும் இருக்கும். நிற்பவன் ஒருவன்தான், கப்பல் ஏறுபவர்கள் எல்லாரும். மாநாட்டையும் அந்த டிக்கெட் கவுண்டர் போல நினைத்தேன். நான் உள்ளே போனால் உன்னையும் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நம்பினேன். நிரலை அச்சடித்தவர்கள் 'மற்றும்' என்பதிலிருந்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள்.

நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே எனக்கு வந்தது. அதில் உன் பெயர் இல்லை என்று கிளம்புவதற்கு முன்பே எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். நீ புதுச்சட்டை தைத்து வாங்கி வந்திருந்தாய், நீல நிறத்தில். நான் சொல்லவில்லை.

மெயின்லேண்டுக்கு மூன்று நாள் கப்பல். பயணியாக நீ ஏறிய முதல் பயணம் அதுதானே? சாம்பாரைக் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "இந்தப் பண்டாரிக்குப் புளின்னா என்னன்னே தெரியாது போலுக்கே" என்று கப்பல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாய். அந்த மூன்று நாளில் முப்பது தடவையாவது சொல்ல வாயெடுத்திருப்பேன்.

பதிவு மேசையில் ஒரு பெண் பட்டியலில் உன் பெயரைத் தேடினாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.

"இருக்கும்மா, நல்லா பாரும்மா. மச்சான்தான் எழுதுனான், விட்டிருக்க மாட்டான்" என்றாய்.

நான் கைபேசியை எடுத்து, வராத அழைப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது உன் நெஞ்சில் 'பார்வையாளர்' என்று பேனாவால் எழுதிய அட்டை தொங்கியது. நீ என்னைக் கேட்கவே இல்லை. "சரி வா, நேரமாச்சு" என்றாய்.

அமர்வில் நீ பேச வேண்டியதை நான் பேசினேன். வாந்தி எடுக்கும்போது யாரும் அம்மாவை இந்தியில் கூப்பிடுவதில்லை என்று நான் சொன்னதும் அவை சிரித்தது, பிறகு கை தட்டியது. யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை. கடைசி வரிசையில் நீயும் கை தட்டினாய். எதற்குத் தட்டினாய்? இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. கேலிக்கா? பழக்கதோஷமா? நான் தலைகுனியக் கூடாது என்றா?

வீட்டுக்கு வந்ததும் நீ செய்த காரியம்தான் என்னை இன்னும் தின்கிறது. ஜெசிந்தா வாசலிலேயே, "அண்ணே, எப்படிப் பேசுன?" என்று கேட்டாள். நீ செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சூப்பரா போச்சு. மெயின்லேண்ட்காரன் எல்லாம் ஆன்னு பாத்துக்கிட்டு இருந்தான்" என்றாய். என் முகத்தை நீ பார்க்கவில்லை. எனக்காகத்தான் அந்தப் பொய் என்று தெரிந்தும் சும்மா நின்றேன்.

பிறகு அந்தக் காலை. டூட்டிக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தவன் அப்படியே சரிந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் இதயம் என்றார்கள். உன் கப்பல் அன்றைக்கு இரண்டு மணி நேரம் பிந்திக் கிளம்பியது. அடக்கப் பூசையில் சாமியார், "சென்னை வரை போய் மேடையேறிப் பேசியவர் நம் சூசை" என்று சொன்னார். ஜெசிந்தா அழுகைக்கு நடுவிலும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது இந்த வருட மாநாடு. திருநெல்வேலிப் பக்கம் நடக்கிறது. அமர்வு முன்மொழிவுகளை அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. உன் பதிவுகளை வைத்தே ஓர் அமர்வு போடலாம் என்று திங்கட்கிழமை சாயங்காலம் கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஜெசிந்தா தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதே படிவம், அதே கட்டங்கள். கட்டாயமாக நிரப்ப வேண்டிய கட்டங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். பெயருக்கு இருந்தது. பட்டத்துக்கு இல்லை. நிறுவனத்துக்கும் இல்லை. போன வருடப் படிவத்தைச் சேமித்து வைத்திருந்தேன், திறந்து பார்த்தேன். அதிலும் அப்படியேதான். உன் பெயரை மட்டும் எழுதியிருந்தால் போதும். நான் அந்த நட்சத்திரங்களைப் பார்க்கக்கூட மெனக்கெடவில்லை.

"முந்தைய உரைகள்னு ஒண்ணு கேட்டிருக்கே. அண்ணன் போன வருஷம் பேசுனத அதுல போடுங்க" என்றாள் ஜெசிந்தா. "தலைப்பு என்ன?"

இனி மறைக்க முடியாது. சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

"அண்ணன் மேடை ஏறவே இல்லியா?"

"இல்ல."

"அவன் சொல்ல வேண்டியத நீங்க சொன்னியளா?"

"ஆமா."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள். "ஒரு மீன் வாங்கிட்டு வந்தாகூட ஒரு மணி நேரம் கதை சொல்லுவான். மேடைல என்ன பேசுனேன்னு அவன் ஒரு வார்த்த சொல்லல."

எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு நாள் என்னிடம் இந்தியில்தான் பேசினாள். நம் வீட்டில் இந்தி எதற்கு என்று உனக்குத் தெரியும். காய்காரனுக்கு, ஆபீஸுக்கு, வெளி ஆளுக்கு. "கானா ரக்கா ஹை" என்று தட்டை வைத்துவிட்டுப் போவாள். "பத்தி பந்த் கர் தோ" என்பாள், நான் விளக்கை அணைப்பேன். இருபது வருடக் கல்யாணத்தில் அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மரியாதையான இந்தியைத் தாங்க முடியவில்லை, மச்சான்.

புதன்கிழமை சாயங்காலம் உன் கைபேசியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கண் சிவந்திருந்தது. இரண்டு நாளும் உன் பதிவுகளைத்தான் கேட்டிருக்கிறாள்.

"எல்லாத்துலயும் அவன் கொரலு இருக்கு" என்றாள். "செத்தவங்க பேசலாமான்னு மாநாட்டுக்காரங்ககிட்ட கேளுங்க."

குழுவுக்கு எழுதிக் கேட்டேன். போன வருடம் நடந்ததையும் ஒளிக்காமல் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. இறந்தவரின் பெயர் முதன்மைப் பேச்சாளராக இருக்கலாம், ஒலிப்பதிவை ஒலிக்க விடலாம், விளக்கம் சொல்ல ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்றார்கள். போன வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

விளக்கம் சொல்பவர் என்ற இடத்தில் ஜெசிந்தாவின் பெயரை எழுதினேன். "நான் பத்தாவதுதான்" என்று இழுத்தாள். பிறகு, "போடுங்க" என்றாள். உன் கட்டத்தில் சூசை என்று எழுதினோம். பட்டம் வேண்டாம் என்று விட்டோம். நிறுவனம் என்ற இடத்தில் 'கப்பல் பண்டாரி' என்று அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். வியாழக்கிழமை இணையம் விழுந்து விழுந்து எழுந்தது. நாலாவது முயற்சியில் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு முன்னால் அழக் கூடாது என்று வாசலுக்குப் போனேன். அங்கேயும் வந்துவிட்டாள்.

ஏற்பார்களா என்று தெரிய ஒரு மாதம் ஆகும். ஏற்காமலும் போகலாம். முனைவர்கள் ஆயிரம் பேர் அனுப்பியிருப்பார்கள். ஜெசிந்தா இன்னும் என்னை முழுசாக மன்னித்துவிடவில்லை. மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. நீ இருந்தால் மன்னித்திருப்பாய். அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். அமர்வு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். மேடை கிடைத்தால் மேடையில், இல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் எழுந்து நின்று சொல்வேன்: போன முறை நீங்கள் கை தட்டிய வாக்கியம் சூசை என்ற பண்டாரியுடையது. அவர் அன்று அந்த அவையில்தான் இருந்தார். படிவத்தில் அவர் பெயரை எழுத இடம் இருந்தது. நான் எழுதவில்லை.

உன் தங்கச்சி புருஷன்,
அமல்ராஜ்
மின்னி பே